ஆஃப் செய்த லைனில்தான் ஷாக் அடிக்கிறது: லைவ் சர்க்யூட்டில் கை வைப்பவர்களுக்கு

மின்வேலையில் ஷாக் வாங்குபவர்களில் பலர் கரண்ட் இருப்பது தெரிந்தே கை வைத்தவர்கள் கிடையாது. ‘மெயினை ஆஃப் பண்ணியாச்சு’ என்று நம்பிக் கை வைத்தவர்கள். லைன் இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாகவே ஒதுங்கி நடக்கும். இல்லை என்று நம்பிவிட்ட கைதான் வயர் முனையை வெறும் விரலால் முறுக்குகிறது, பல்லால் இன்சுலேஷனை உரிக்கிறது, பஸ்பாருக்கு (பேனலுக்குள் கரண்ட்டைச் சுமக்கும் உலோகப் பட்டை) பின்னால் விழுந்த ஸ்குரூவைத் துழாவுகிறது. அதனால் லைவ் வேலை (கரண்ட் இருக்கும்போதே செய்யும் வேலை) என்று பேச ஆரம்பித்தாலே, அந்த லைன் உண்மையில் செத்துவிட்டதா, அதாவது கரண்ட் அறவே இல்லையா என்று உறுதி செய்வதில்தான் முதலில் நிற்க வேண்டும். லைவாக வைத்தே செய்யக்கூடிய வேலைகள் அதற்குப் பிறகு மிஞ்சும் சில மட்டுமே.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எண்களில் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, 230 வோல்ட்டில், உலர்ந்த தோலுடன் மனித உடலின் தடை ஏறக்குறைய 1000 முதல் 2000 ஓம் வரை இருக்கும். நடுவாக 1500 என்று வைத்தால் பாய்வது சுமார் 150 மில்லிஆம்பியர். அரை மில்லிஆம்பியரிலேயே ‘சுருக்’கென்று தெரிய ஆரம்பிக்கும். 10 மில்லிஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த வயரை விட முடியாமல் போகும். 50 மில்லிஆம்பியர் ஒரு விநாடி அளவுக்கு நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நிலைக்குப் போகலாம். ஐஇசி எனும் சர்வதேச மின்தர அமைப்பின் 60479 ஆவணம் தொகுத்துத் தரும் வரம்புகள் இவை. வியர்வையில் நனைந்த கை, வெறுங்கால், ஈரத் தரை, உலோகப் பெட்டியில் சாய்ந்திருக்கும் முதுகு என்று ஒவ்வொன்றும் இந்தத் தடையைக் குறைத்துக்கொண்டே போகும்.

6 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக அறுக்கும் சுவிட்ச்) உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க இதில் இடமே இல்லை. ‘பி’ வகை எம்சிபி உடனடியாக விழ (தானாக ஆஃப் ஆக) வேண்டுமானால் அதன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு, அதாவது 18 முதல் 30 ஆம்பியர் பாய வேண்டும். உங்கள் உடல் இழுக்கும் 150 மில்லிஆம்பியர் அதற்கு ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான் தெரியும். எம்சிபி இருப்பது வயர் எரியாமல் இருக்க.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசியும் கரண்ட்டைக் கண்டு அறுக்கும் சுவிட்ச்) வேறு வகை. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லையென்றால் அது விழும். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் 300 மில்லிவிநாடிக்குள், 150 மில்லிஆம்பியர் கசிந்தால் 40 மில்லிவிநாடிக்குள் விழ வேண்டும். ஆனால் அது நேரத்தைத்தான் குறைக்கிறது, பாயும் கரண்ட்டைக் குறைப்பதில்லை. விழுவதற்கு முன் ஒரு உதறல் கிடைத்தே தீரும். ஏணியில் நிற்பவருக்கு அந்த உதறலே போதும். இன்னொன்றையும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு லோடுதான். போனதும் வந்ததும் சமம், அது அசையாது.

ஆஃப் செய்த பிறகும் கரண்ட் எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் மிகச் சாதாரணமானது: தவறான எம்சிபியை ஆஃப் செய்திருப்பது. டிபியில் (எம்சிபிகள் வரிசையாக இருக்கும் பெட்டி) ஒட்டியிருக்கும் லேபிள் யாரோ என்றோ எழுதியது. நடுவில் எத்தனை மாற்றங்கள் நடந்தன என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. விளக்கு அணைந்தது, அதனால் அந்தப் பெட்டி முழுக்கச் செத்தது என்பதும் தவறு. ஒரே சுவிட்ச் பாக்ஸுக்குள் இரண்டு சர்க்யூட், சில கட்டடங்களில் இரண்டு ஃபேஸ்கூட வந்து சேரும். அப்போது பக்கத்துப் பக்கத்து டெர்மினல்களுக்கு நடுவே இருப்பது 400 வோல்ட்.

சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருப்பது இரண்டாவது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே நிற்கும். பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கிறது என்ற புகாரில் முதலில் இதைப் பாருங்கள். சுவிட்சை நம்பி எந்த வேலையும் செய்யக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். டிபியில், முடிந்தால் ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் டபுள் போல் சுவிட்சில், துண்டிக்க வேண்டும்.

நியூட்ரல்தான் பலரும் பயமில்லாமல் தொடும் வயர். அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலைக் கழற்றினால், ஃபேஸ் அந்த லோடு வழியாகவே வந்து கழற்றிய முனையில் நிற்கும். உங்கள் சர்க்யூட்டின் எம்சிபியை ஆஃப் செய்திருந்தாலும், பக்கத்து சர்க்யூட்டும் அதே நியூட்ரலைப் பயன்படுத்தினால் இதே கதிதான். அதனால் நியூட்ரல் இணைப்பைப் பிரிக்கும் முன் அந்த வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி, கழற்றாமலே கரண்ட்டை அளப்பது) போட்டுப் பாருங்கள். எம்சிபி ஆஃபில் இருக்கும்போது அதில் கரண்ட் ஓடினால் அது பொது நியூட்ரல், பிரிக்கக்கூடாது.

மூன்று ஃபேஸ் வரும் இடத்தில் பொது நியூட்ரலை லைவில் கழற்றினால் கருவிகளும் போகும். ஒரு ஃபேஸில் 1000 வாட் லோடும் இன்னொரு ஃபேஸில் 100 வாட் லோடும் ஓடுவதாக வையுங்கள். 230 வோல்ட் கணக்கில் முதலாவதின் தடை சுமார் 53 ஓம், இரண்டாவதின் தடை 529 ஓம். நியூட்ரல் போனதும் இவை இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரிஸில் நிற்கும். சின்ன லோடுக்குக் கிடைப்பது சுமார் 364 வோல்ட், பெரிய லோடுக்கு 36 வோல்ட்தான். நியூட்ரல் லூஸாக இருக்கும் கட்டடங்களில் சில விளக்குகள் மங்குவதும் சில கண்ணைக் கூசுவதும், சார்ஜரும் டிவியும் ஒரே நேரத்தில் புகைவதும் இதனால்தான். சிங்கிள் ஃபேஸ் வரும் இடத்தில் நியூட்ரல் அறுந்ததைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. லோடு ஆனில் இருக்கும்போது சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும். லோடுகளை எல்லாம் அணைத்தால் நியூட்ரல் துளையில் மட்டும் அணைந்துவிடும். லோடு ஆனில் இருக்கும்போது மீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல் கிட்டத்தட்ட பூஜ்யம், ஃபேஸ்-எர்த் 230.

பிறகு வருவது இரண்டாவது மூலங்கள். மெயினை ஆஃப் செய்த அந்த நொடியே இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும். மெயின் எம்சிபி கீழே இறங்கியிருக்கும், ஆனால் இன்வெர்ட்டர் லைன் முழுவதும் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்சை அணைத்து, அதன் வெளியீட்டையும் தனியாகத் துண்டிக்க வேண்டும். ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நடுநிலையில் பூட்டப்பட வேண்டும். தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் என்றால் அதன் கண்ட்ரோலரை ஆஃப் நிலைக்குக் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் பேட்டரி வயரையும் கழற்றி வைப்பது உத்தமம். தொழிற்சாலை பேனல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்தப் பேனலின் மெயின் ஐசோலேட்டரை (லைனை முழுதாகப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்தாலும், வேறு பேனலிலிருந்து வரும் இண்டர்லாக் (ஒரு இயந்திரத்தை இன்னொன்றோடு பிணைக்கும்) வயர்களில் கண்ட்ரோல் சப்ளை நிற்கும். இயந்திரப் பேனல்களில் இப்படிப்பட்ட வயர்களை ஆரஞ்சு நிறத்தில் போடுவது வழக்கம். ஆரஞ்சு வயரைக் கண்டால் ‘மெயின் ஆஃப்’ என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள்.

சூரிய மின்தகடுகள் தனி வகை. வெளிச்சம் இருக்கும்வரை அவற்றை ஆஃப் செய்ய வழியே இல்லை. ஒன்றுக்கு 40 வோல்ட் வீதம் 20 தகடுகள் சீரிஸில் இருந்தால் 800 வோல்ட் டிசி. ஏசி ஆர்க் (காற்றின் வழியே பாயும் மின்தீ) ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது, இழுக்க இழுக்க ஆர்க் நீண்டுகொண்டே போகும். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பக்கம், பிறகு டிசி ஐசோலேட்டர், பிறகு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஸ்டிரிங்கில் (சீரிஸில் இணைத்த தகடுகளின் வரிசை) கரண்ட் பூஜ்யம் என்று பார்த்தல். அதற்குப் பிறகே கனெக்டரைப் பிரிக்க வேண்டும். ஐசோலேட்டரை ஆஃப் செய்த பிறகும் தகடு பக்கத்து வயரில் முழு வோல்டேஜ் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

கடைசியாக, சேமித்து வைக்கப்பட்ட கரண்ட். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர், டிவிக்குள் இருக்கும் வகை) சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் அந்த அளவில்தான் நிரம்பியிருக்கும். 470 மைக்ரோஃபாரட், 325 வோல்ட் என்றால் சுமார் 25 ஜூல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும், குறிப்பாக உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி பறந்து கண்ணில் தெறிக்கும், டிராக் உரியும், கெப்பாசிட்டரும் கெடும். 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நன்கு இன்சுலேட் செய்த வயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 470 மைக்ரோஃபாரட்டுக்கு அது ஏறக்குறைய 5 விநாடியில் வேலையை முடித்துவிடும். பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவில் 400 வோல்ட் சப்ளைக்கு உள்ளே இருக்கும் டிசி பஸ் சுமார் 565 வோல்ட். மேலே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, பஸ்ஸின் பிளஸ் மைனஸ் டெர்மினலில் அளந்த பிறகே கை உள்ளே போக வேண்டும். டிஸ்ப்ளே அணைந்ததை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மைக்ரோவேவ் அடுப்பின் ஹை வோல்டேஜ் பகுதியைத் திறந்த நிலையில் இயக்கிப் பார்க்கவே கூடாது. அங்கே இருப்பது இரண்டாயிரம் வோல்ட் அளவு, அதுவும் தாராளமாகக் கரண்ட் தரக்கூடிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

செத்ததா என்று சோதிப்பது

நியான் டெஸ்டரை வைத்து ‘இல்லை’ என்று முடிவெடுக்கக்கூடாது. ‘இருக்கிறது’ என்று சொன்னால் நம்பலாம், ‘இல்லை’ என்று சொன்னால் நம்பக்கூடாது. அதற்குள் ஒரு மெகாஓம் அளவிலான ரெசிஸ்டரும் நியான் விளக்கும் மட்டுமே இருக்கின்றன, சர்க்யூட்டை முடித்து வைப்பது உங்கள் உடல். உலர்ந்த மர ஏணியில், தடித்த ரப்பர் செருப்பில் நின்றால் மங்கும். வெயிலில் எரிவது தெரியாது. நியான் பற்ற 60 முதல் 90 வோல்ட் வரை வேண்டும், அதற்குக் கீழே இருப்பதைக் காட்டவே காட்டாது. உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் அந்த ரெசிஸ்டர் உங்களைக் காக்காது. தொடாமலே ‘பீப்’ போடும் பேனா டெஸ்டருக்கும் வரம்பு உண்டு: டிசியைக் காட்டாது, உலோக உறை போட்ட கேபிளில் காட்டாது, பக்கத்து வயரின் சாயலில் பொய்யாகக் கத்தும்.

சரியான கருவி இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர், ஐஇசி 61243-3 தரத்தில் வருவது. இல்லையென்றால் நல்ல மல்டிமீட்டர். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால், எங்கும் இணைக்கப்படாத செத்த வயரிலும் பக்கத்து வயரின் கெப்பாசிட்டன்ஸ் மூலம் 40, 80 வோல்ட் என்று காட்டும். மீட்டரில் குறைந்த தடை நிலை இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். பொய் வோல்டேஜ் என்றால் உடனே சரிந்துவிடும், உண்மை என்றால் அசையாது. ஆனால் பலமுறை பொய்யாக இருந்ததால் இந்த முறையும் பொய்தான் என்று நினைத்துக் கை வைப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

சோதனையின் வரிசை இது. முதலில், கரண்ட் இருப்பது உறுதியான வேறொரு இடத்தில் மீட்டரை வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, வேலை செய்யப்போகும் இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றாவதாக, மறுபடியும் முதல் இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நடுவில் லீட் உள்ளே அறுந்தாலோ, பேட்டரி இறங்கினாலோ, முனை பெயிண்டின் மேல் உட்கார்ந்தாலோ மீட்டர் பூஜ்யத்தைத்தான் காட்டும். அதை நம்பிக் கை வைப்பீர்கள். சிங்கிள் ஃபேஸில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்று அளவீடு. மூன்று ஃபேஸில் ஃபேஸ்களுக்குள் மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, எர்த்துக்கு மூன்று, நியூட்ரல்-எர்த் ஒன்று, மொத்தம் பத்து. ஒரு துருவம் (போல்) மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்ட பிரேக்கர், லீவர் இறங்கியும் கான்டாக்ட் விலகாத ஐசோலேட்டர், முனைகள் வெல்டாகி ஒட்டிக்கொண்ட கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) எல்லாம் இந்தப் பத்தில்தான் மாட்டும்.

சோதித்து முடித்தாலும், வேறு யாரும் வந்து ஆன் செய்ய முடியாதபடி இருக்க வேண்டும். எம்சிபி லீவரில் மாட்டும் கிளாம்ப் பூட்டு சிறிய பொருள், பையில் இரண்டு கிடக்கட்டும். அதில் உங்கள் சொந்தப் பூட்டு, ஒரே சாவி, அந்தச் சாவி உங்களிடம். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. பெயர், தேதி, நேரம் எழுதிய அட்டையும் தொங்க வேண்டும். பழைய ஃபியூஸ் கட்டை என்றால் கேரியரைப் பிடுங்கி வேலை முடியும்வரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். லீவரில் டேப் ஒட்டுவது பூட்டு ஆகாது. பூட்ட வழியே இல்லையென்றால், எம்சிபியிலிருந்து வெளியேறும் வயரைக் கழற்றி முனையை மூடி ஒதுக்கி வையுங்கள், அது பூட்டுக்கு அடுத்தபடி.

லைவில் வைத்தே செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் மின்வேலைப் பாதுகாப்புத் தரமான என்எஃப்பிஏ 70இ விதியும் இதையே சொல்கிறது: 50 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால், அணைத்துவிட்டு வேலை செய்வதே இயல்பு. அணைப்பதால் அதைவிடப் பெரிய ஆபத்து வருமென்றால், அல்லது அந்த வேலையை அணைத்துவைத்துச் செய்யவே முடியாதென்றால் மட்டுமே லைவ் வேலை. வோல்டேஜ் அளப்பது, கிளாம்பில் கரண்ட் பார்ப்பது, ஃபேஸ் வரிசை சோதிப்பது, கண்ட்ரோல் சர்க்யூட்டில் எந்தக் கான்டாக்ட்டில் சப்ளை நிற்கிறது என்று தேடுவது போன்றவை அந்த இரண்டாவது வகை. பஸ்பார் போல்ட்டை முறுக்குவது, எம்சிபியைச் செருகுவது, புதிய வயரைச் சேர்ப்பது, கான்டாக்டர் மாற்றுவது, பேனலுக்குள் தூசி துடைப்பது எதுவும் இதில் வராது. ‘ஒரே ஒரு ஸ்குரூ லூஸாக இருக்கிறது, முறுக்கிவிடுகிறேன்’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது என்பது என் உறுதியான கருத்து. லூஸான இணைப்பு ஏற்கெனவே சூடேறி, கருகி, உடையத் தயாராக இருக்கும். அங்கே ஸ்பேனரைக் கொண்டுபோனால் போல்ட்டோ இன்சுலேட்டரோ உடைந்து பக்கத்து ஃபேஸில் விழும்.

அப்படி விழுந்தால் என்னவாகும்? டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்துப் பேனலில் அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 500 கேவிஏ, 400 வோல்ட், 5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் முழுலோடு கரண்ட் 722 ஆம்பியர். அதன் டெர்மினலில் ஷார்ட் ஆனால் 722-ஐ 0.05-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 14,400 ஆம்பியர். அந்த ஆர்க்கின் நடுவில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. தாமிரம் ஆவியாகி வெடித்துப் பரவும். இதில் ஷாக்கே அடிக்காமல், எதையும் தொடாமல் முகமும் கையும் வெந்துபோகலாம். வீட்டு சாக்கெட்டில் பழகிய கை பேனலிலும் அதே துணிச்சலோடு போகக்கூடாது என்பது இதனால்தான். இந்த இடங்களில் ஆர்க் தாங்கும் உடையும் முகக்கவசமும் இல்லாமல் கதவைத் திறக்கக்கூடாது. எங்கேயானாலும் பாலியஸ்டர், நைலான் துணி வேண்டாம், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கைப் பருத்திச் சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் குறைந்தபட்சம். பெரிய பிரேக்கரை ஆன் அல்லது ஆஃப் செய்யும்போது கதவை மூடி, பேனலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்யுங்கள். லோடு ஓடும்போது ஐசோலேட்டரை இழுக்காதீர்கள். அதற்கு லோடை அறுக்கும் திறன் இருக்கிறதா என்று அதன் பெயர்ப்பலகையில் பார்க்காதவரை, இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மோதிரம், உலோகப் பட்டைக் கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றப்பட வேண்டும். வோல்டேஜ் குறைவு என்று இதில் சலுகை கிடையாது. 12 வோல்ட் பேட்டரியில் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மோதிரம் சிக்கினால் விரலைச் சுற்றிச் சிவக்கக் காய்ந்துவிடும்.

மீட்டரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் லைவில் உள்ளே போகும் பொருள் அதுதான். மீட்டரின் முகத்தில் கேட் (CAT) என்ற எழுத்துகளோடு ரோமன் எண்ணும் வோல்ட்டும் போட்டிருக்கும். சாக்கெட்டில் செருகும் கருவிகளுக்கு இரண்டாம் வகை, டிபி மற்றும் பேனலுக்கு மூன்றாம் வகை, சர்வீஸ் லைன் நுழையும் இடத்துக்கு நான்காம் வகை. மூன்றாம் வகை 600 வோல்ட் என்றால் 6000 வோல்ட் உச்சமுள்ள திடீர் அலையைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. இரண்டாம் வகை 600 வோல்ட் தாங்குவது 4000. மின்னலோ பெரிய மோட்டார் அணைவதோ இப்படிப்பட்ட அலைகளை அனுப்பும். மலிவு மீட்டருக்குள் இருக்கும் கண்ணாடி ஃபியூஸ் அங்கே வெடிக்கும். நல்ல மீட்டரில் மணல் நிரப்பிய ஹெச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட்டையும் வெடிக்காமல் அறுப்பது) இருக்கும். அது போனால் அதே எண்ணுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். மீட்டருக்குள் வயர்த் துண்டு சுற்றியிருப்பதைப் பார்த்தால் அந்த மீட்டரை அப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மீட்டரால் வரும் விபத்துகளில் முதலிடம் ஒன்றுக்குத்தான்: சிவப்பு லீட் ஆம்பியர் துளையில் இருக்க, வோல்டேஜ் அளப்பது. ஆம்பியர் துளை கிட்டத்தட்ட ஒரு வயர்த் துண்டுதான், இரண்டு முனையையும் ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தால் நேரடி ஷார்ட். கரண்ட் அளந்து முடித்ததும் லீட்டை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும். ஏசி கரண்ட்டுக்கு கிளாம்ப் மீட்டரையே பழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் துளையே தேவைப்படாது. லீட் முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. நீண்ட முனை பக்கத்து டெர்மினலையும் சேர்த்துத் தொடும். முதலில் கறுப்பு லீட்டை முதலைக் கிளிப்பால் நியூட்ரலிலோ எர்த்திலோ மாட்டுங்கள். பிறகு ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையை நகர்த்துங்கள், மறு கை எந்த உலோகத்தையும் தொடாமல் இருக்கட்டும். எடுக்கும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். ஒரு கை முறையால், கையிலிருந்து கைக்கு நெஞ்சின் குறுக்கே போகும் பாதை அடைபடும். கால் வழியாகப் போகும் பாதையை அடைக்க ரப்பர் விரிப்பும் உலர்ந்த பாதுகாப்புக் காலணியும் வேண்டும்.

பிளாஸ்டிக் பிடி போட்ட எல்லாக் குறடும் இன்சுலேட்டட் கிடையாது. பெரும்பாலானவற்றில் அது கைக்கு வழுக்காமல் இருக்கப் போட்டது. ஐஇசி 60900 தரத்துக் கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஒவ்வொன்றும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டது. ஸ்குரூ டிரைவரின் தண்டும் முனை அருகே வரை மூடியிருக்கும். பிடியில் வெட்டு விழுந்தால் டேப் சுற்றி உயிர் கொடுக்கக்கூடாது. கையுறையில் 00 வகுப்பு 500 வோல்ட் ஏசிக்கு, 0 வகுப்பு 1000 வோல்ட்டுக்கு. ரப்பர் கையுறைக்கு மேலே தோல் கையுறை போட வேண்டும், வயர் நுனி குத்தி ஊசித்துளை விழாமல் இருக்க. ஒவ்வொரு முறையும் போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சோதனை தேவை. மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும். சமையலறை ரப்பர் கையுறைக்கு எந்த வோல்ட் கணக்கும் கிடையாது.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சிடி, பெரிய கரண்ட்டை அளப்பதற்காகச் சிறிதாக்கித் தருவது) இருக்கும் மீட்டர் பேனலில், ஆம்பியர் மீட்டரைக் கழற்றுமுன் சிடி இரண்டாம் சுற்றின் இரு முனையையும் ஷார்ட் செய்துவிட வேண்டும். பிரைமரியில் கரண்ட் ஓடும்போது இரண்டாம் சுற்று திறந்தால் அதன் முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பலாம். 5 ஆம்பியர் வயர்தானே என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

போர்டு ரிப்பேர் செய்பவர்களுக்கு: மெயின்ஸோடு நேரடியாக இணைந்த பகுதியில் ஆசிலோஸ்கோப்பின் (வோல்டேஜின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிரவுண்ட் கிளிப்பை மாட்டாதீர்கள். அந்தக் கிளிப் எர்த்தோடு இணைந்தது, மாட்டிய கணத்தில் ஷார்ட். அதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டினால் ஸ்கோப்பின் உடலே லைவாகும். ரிப்பேர் செய்யும் போர்டை ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் (சப்ளையை எர்த்திலிருந்து பிரித்துத் தருவது) போடுங்கள், அல்லது டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தைச் சாராமல் இரண்டு முனைக்கு நடுவே அளப்பது) பயன்படுத்துங்கள். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஆர்சிசிபி உங்களுக்கு உதவாது, இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் ஷாக் உண்டு. ரிப்பேருக்குப் பின் முதல் முறை ஆன் செய்யும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழுதாக எரிவதோடு முடியும். அது போர்டைக் காக்கும், உங்களைக் காக்காது. பல்பு மங்கலாக இருந்தாலும் அங்கே ஆபத்தான வோல்டேஜ் உண்டு.

யாராவது மாட்டிக்கொண்டால்

லைவ் வேலையைத் தனியாகச் செய்யக்கூடாது. கூட நிற்பவர் வேடிக்கை பார்க்க நிற்பவர் இல்லை. எந்த சுவிட்சை இழுத்தால் இந்த இடம் சாகும் என்று அவருக்குக் கையால் தொட்டுக் காட்டியிருக்க வேண்டும், அது அவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டவரைப் பிடித்து இழுப்பதுதான் மனதுக்குத் தோன்றும் முதல் செயல், அதுவே இரண்டாவது ஆளையும் எடுக்கும். முதலில் சப்ளை. சுவிட்ச் எட்டவில்லையென்றால், வீட்டு வோல்டேஜ் என்றால் மட்டும், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த கட்டையால் அவரை வயரிலிருந்து தள்ளுங்கள். உயரழுத்தக் கம்பி என்றால் 10 மீட்டருக்கு உள்ளே போகவே கூடாது. மின்வாரியம் துண்டித்துச் சொல்லும்வரை கட்டையும் கயிறும் அங்கே உதவாது.

பிரித்த பிறகு, அழைத்தால் பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். இடையிடையே திணறி இழுக்கும் மூச்சை மூச்சாகக் கணக்கெடுக்காதீர்கள், அது இதயம் நின்றதன் அடையாளமாகவே இருக்கலாம். மார்பின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பயிற்சி இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இல்லையென்றால் அழுத்தம் மட்டும் நிறுத்தாமல். ஏஇடி கருவி இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்குவது அதுதான், ஒவ்வொரு நிமிடத் தாமதமும் வாய்ப்பைக் குறைக்கும். கீழே விழுந்தவர் என்றால் கழுத்தைத் தேவையில்லாமல் அசைக்காதீர்கள்.

ஷாக் வாங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்து, ‘ஒண்ணுமில்லை’ என்று தேநீர் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்புபவர்கள் அதிகம். கரண்ட் நெஞ்சு வழியாகப் போயிருந்தால், ஒரு கணம் மயங்கியிருந்தால், படபடப்பு இருந்தால், தோலில் சுட்ட தழும்பு இருந்தால், கர்ப்பிணி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். வெளியே தெரியும் காயம் பட்டாணி அளவில் இருந்தாலும் உள்ளே தசை வெகுதூரம் வெந்திருக்கலாம். அடுத்த மணிகளில் சிறுநீர் கறுத்தோ கருஞ்சிவப்பாகவோ போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்க ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். எந்த நேரமானாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், போகும்போது எத்தனை வோல்ட், எந்தக் கையில் பட்டது, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.